சாகாத நாற்பது முட்டைகள்

பிப்ரவரி 18, செவ்வாய்

அக்காவுக்கு,

முட்டை வண்டி பதினோரு மணிக்குத் திரும்பிவிடும். அதற்குள் எழுதி வண்டிக்காரரிடம் கொடுக்க வேண்டும். போனில் கேட்டிருக்கலாம். விடுதி போன் வார்டன் மேசைமேல் இருக்கிறது. அவர் முகத்துக்கு எதிரே நின்று பேச வேண்டும். எனக்கு வாய் கட்டிவிடும் என்று உனக்குத் தெரியும்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் பதில் எழுது. நம் கோழிகளுக்கு ஜனவரியில் தீவனம், தண்ணீர் ஏதாவது மாற்றினாயா? கொட்டகைக்குள் புதிதாக யாராவது வந்தார்களா?

ஏன் கேட்கிறேன் என்றால் இங்கே ஒரு சிக்கல். நான் இந்த ஆய்வகத்தில் என்ன செய்கிறேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நீ அனுப்பும் முட்டைகளை இன்குபேட்டரில் ஒன்பது நாள் வைப்போம். பத்தாம் நாள் இருட்டறையில் விளக்கின்மேல் வைத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பு நரம்புகள் கிளை கிளையாகப் பிரிந்திருக்கும். நடுவில் கரு துள்ளும். ஓட்டில் பென்சிலால் குறி வைத்து, சின்னத் துளை போட்டு, ஆய்வகத்துக்குத் தலைவியான டாக்டரம்மா கொடுக்கும் கிருமியை ஊசியால் ஒரு சொட்டு உள்ளே விட்டு, மெழுகால் அடைப்பேன். அது வெள்ளைக்கழிச்சல் கிருமி. புது ரகம்; இப்போது பண்ணைகளில் போடும் தடுப்பு மருந்து அதைச் சில மாதம்தான் அடக்கி வைக்கிறது. முட்டைக்குள் அதை வளர்த்தால்தான் அதற்கு ஒரு மருந்து செய்ய முடியும். கிருமி நன்றாக வளர்ந்தால் மூன்று நாளில் கரு செத்துவிடும். செத்தால்தான் இங்கே எல்லோருக்கும் முகம் மலரும். முதல் மாதம் எனக்கு இது பிடிபடவே இல்லை.

நேற்று மூன்றாம் நாள். நான் ஊசி போட்ட நாற்பது முட்டைகளில் ஒன்றுகூடச் சாகவில்லை.

வேறு பண்ணை முட்டைகளுக்குக் கண்ணாடிக்காரர் ஊசி போட்டார். அவர்தான் எங்கள் அறைக்கு மூத்தவர். அவர் போட்டதெல்லாம் செத்துவிட்டன. ஒரே கிருமி, ஒரே நாள். நம் வீட்டு முட்டைகளுக்கு நான்தான் ஊசி போடுவேன் என்று நானே கேட்டு வாங்கியிருந்தேன். அதனால் இப்போது எல்லோரும் என் கையைப் பார்க்கிறார்கள். டாக்டரம்மா வெளியூர் போயிருக்கிறார். மார்ச் பத்தாம் தேதிதான் வருவார்.

இன்னொன்று. உன் போன கடிதமும் அதற்கு முந்தினதும் ஒட்டு பிரிந்து வந்தன. யாரோ படிக்கிறார்கள். பசை நிறையப் போடு.

உன் தங்கை

*

பிப்ரவரி 21, வெள்ளி

ஊமைக்கோட்டானுக்கு,

எட்டு மாதமாக "நலம், சாப்பிட்டேன், தூங்கினேன்" என்று நாலு வரிக்கு மேல் எழுதாதவள் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாளே என்று ஆசையாகப் பிரித்தேன். உள்ளே பார்த்தால் போலீஸ் விசாரணை.

தீவனம் அதே தீவனம். தண்ணீர் அதே கிணறு. கொட்டகைக்குள் நானும் உன் அத்தானும் தவிர ஒரு ஈ காக்கை நுழையவில்லை. ஈயும் காக்கையும் நுழையாமல் இருக்கத்தான் உங்கள் ஆட்கள் வலை அடித்துக் கொடுத்தார்களே. நானோ வாசலைத் தாண்டுவதே கிடையாது. தாண்டி எங்கே போவது? உங்கள் ஆய்வகத்து முட்டை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து எனக்கு வீட்டுச் சிறை. அடுத்த பண்ணையில் கால் வைக்காதே, சந்தைக்குப் போனால் குளித்துவிட்டு வா, விருந்தாளியைக் கூப்பிடாதே. கூடப் பிறந்தவளாவது வந்துபோவாளா என்றால், கோழி இருக்கும் வீட்டில் அவள் கால் வைத்தால் பத்து நாள் ஆய்வகத்துக்குள் விடமாட்டார்களாம். உன்னைப் பார்க்க வேண்டுமென்றால் நான் கோழியை விற்றுவிட்டு மாடு வாங்க வேண்டும்.

எனக்கு அந்தக் கண்ணாடிக்காரர்மேல்தான் சந்தேகம். அவருடைய தட்டையும் உன் தட்டையும் மாற்றி வைத்திருப்பார். சின்னப் பெண், படிப்பு பாதியில் விட்டவள், அதட்டினால் அழுவாள், பழியைப் போட வசதி. அத்தானிடம் சொன்னேன். "ஒன் தங்கச்சி வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதான? எல்லாத்துக்கும் கடுதாசியா?" என்றார். அவருக்கு என்ன தெரியும்.

கடிதத்தைப் பிரிப்பது வண்டிக்காரராகத்தான் இருக்கும். முட்டையை இறக்கும்போது கண் மட்டும் நாலாபக்கமும் போகிறது. போன வாரம் "தங்கச்சிக்கு ஒடம்பு சொகமா?" என்று கேட்டார். உனக்குத் தலைவலி என்று கடிதத்தில்தானே எழுதியிருந்தாய்? இவருக்கு எப்படித் தெரியும்?

வேறு சேதி ஒன்றுமில்லை. மேட்டுப் பண்ணை அத்தை வழுக்கி விழுந்து வலது கை உடைந்து கட்டுப் போட்டிருக்கிறாள். அந்த நேரம் பார்த்துப் புதுக் குஞ்சுகள் இறக்கியிருக்கிறாள். பொல்லாத குஞ்சுகள், செருப்பு வாரைப் புழு என்று நினைத்துக் கொத்துகின்றன.

வேளைக்குச் சாப்பிடு. அழாதே.

அக்கா

*

பிப்ரவரி 25, செவ்வாய்

அக்காவுக்கு,

இரண்டாவது தட்டும் சாகவில்லை. என் கையிலிருந்து ஊசியை வாங்கிவிட்டார்கள். டாக்டரம்மா வரும்வரை புட்டி கழுவும் வேலை.

கண்ணாடிக்காரர் எல்லோர் முன்பாகவும் கேட்டார். "உண்மையச் சொல்லும்மா. ஊசிய உள்ள விட்டியா, தொட்டியில விட்டியா?"

"உள்ளதான் விட்டேன்" என்றேன். என் காதுக்கே கேட்கவில்லை.

"என்ன? சத்தமா."

நான் மறுபடி சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லச் சொன்னால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் பாடத்தை எழுந்து நின்று படிக்கச் சொன்னதுபோல இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே, "அக்கா வீட்டு முட்டையாச்சே, உள்ள இருக்கறது ஒனக்கும் புள்ள மொறையோ என்னவோ" என்றார். புட்டி கழுவும் பெண்கள் சிரித்தார்கள். இந்தச் செய்தி டாக்டரம்மாவுக்குப் போனால் என்னை அனுப்பிவிடுவார்கள். எனக்கு வேறு எந்த இடத்திலும் வாய் திறக்காமல் செய்கிற வேலை கிடைக்காது. நான் ஒழுங்காகச் செய்கிற ஒரே வேலை இதுதான்.

இனிமேல் எழுதுவதைப் படித்துவிட்டுக் கிழித்துவிடு.

உன் கடிதத்தின் கீழ் மூலையில் ஒரு பெருவிரல் ரேகை இருக்கிறது. நீல நிறம்.

பண்ணைகளில் குஞ்சுகளின் கண்ணில் விடும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தைக் கரைக்கிற நீர் நீலமாக இருக்கும். எந்தக் குஞ்சுக்கு விட்டோம், எதற்கு விடவில்லை என்று அடையாளம் தெரிவதற்காக அப்படி. இங்கே அலமாரியில் ஒரு புட்டி இருக்கிறது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உன் கடிதத்தையும் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன்.

ஒப்பந்தத்தில் முதல் வரி என்ன என்று உனக்கு நினைவிருக்கும். நம் கோழிகளுக்கு எந்தத் தடுப்பு மருந்தும் போடக்கூடாது. ஏன் என்று அப்போது நமக்குத் தெரியாது. இப்போது எனக்குத் தெரியும். தாய்க்கோழிக்கு மருந்து போட்டால் அதன் எதிர்ப்புச் சக்தி, அந்தக் காவல், மஞ்சள்கருவுக்குள்ளும் இறங்கும். குஞ்சு அதை உறிஞ்சித்தான் வளரும். நான் அந்த நோய்க்கிருமியை எவ்வளவு விட்டாலும் அந்தக் காவல் வளரவிடாது. கரு சாகாது.

மஞ்சள்கருவைச் சோதித்தால் காவல் இருக்கிறதா என்று அரை நாளில் தெரிந்துவிடும். நான் கேட்டால் செய்வார்கள். கண்ணாடிக்காரருக்கு அந்த எண்ணம் இன்னும் வரவில்லை, அவர் என் கையிலேயே நின்றுவிட்டார். நீ போன வெள்ளிக்கிழமை அனுப்பியதில் எட்டு முட்டைகளை எடுத்துத் தனியாகக் குளிரில் வைத்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் கொடுக்க மனம் வரவில்லை.

கோழிகளுக்கு மருந்து போட்டாயா?

உன் தங்கை

*

பிப்ரவரி 28, வெள்ளி

இந்தக் கவரைச் சாக்கு ஊசியால் தைத்து அனுப்புகிறேன். பன்னிரண்டு தையல். நீ பிரிக்கும்போது எண்ணிப் பார்.

அது சொட்டு நீலம். அத்தான் வெள்ளைச் சட்டைக்குப் போட்டேன். துவைக்கிறவளுக்கு விரலில் நீலம் இருக்கும், சமைக்கிறவளுக்கு மஞ்சள் இருக்கும். இனிமேல் கடிதம் எழுதுவதற்கு முன்னால் கையைக் கழுவி, உன் டாக்டரம்மாவிடம் காட்டி, சீட்டு வாங்கிக்கொண்டு எழுதுகிறேன்.

நம் கோழிகளுக்கு ஒரு சொட்டு மருந்து போடவில்லை. உன் தலைமேல் அடித்துச் சொல்கிறேன். போதுமா?

அம்மா போனபோது உனக்கு ஏழு வயது. உன் தலைக்குப் பேன் பார்த்தது யார்? பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நீ கதவுக்குப் பின்னால் நின்றபோது, "படிக்காட்டி போறா, என்கூட இருக்கட்டும்" என்று சொன்னது யார்? அத்தான்கூட அன்றைக்கு என்னைத் திட்டினார். இன்றைக்கு நீ என் கைரேகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாய். என் வீட்டு முட்டையை எனக்குத் தெரியாமல் குளிரில் ஒளித்து வைக்கிறாய்.

நீ கேட்டதால் நானும் ஒன்று கேட்கிறேன். ஊசி போட்டாயா?

உனக்குப் பத்து வயதில் ஒரு குஞ்சு கழுத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தது. நோய்க் குஞ்சு, குழியில் போட வேண்டும், கொடு என்றேன். போட்டுவிட்டேன் என்று தலையை ஆட்டினாய். நாலு நாள் கழித்து உன் கட்டிலுக்கு அடியிலிருந்து நாற்றம் வந்தது. அட்டைப்பெட்டிக்குள் துணி விரித்து வைத்திருந்தாய். அந்தக் கழிச்சலில்தான் முந்நூறு கோழிகளைப் புதைத்தோம். நான் ஒரு நாளாவது அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறேனா? இப்போது சொல்கிறேன். அந்தக் கை நாற்பது உயிரைக் கொல்லுமா? யோசித்துப் பார்த்தால் கண்ணாடிக்காரர் கேட்டதில் தப்பில்லை.

முட்டையைக் கொடுப்பதென்றால் கொடு. அக்காவைக் காட்டிக் கொடுத்து வேலையைக் காப்பாற்றிக்கொள்.

அக்கா

*

மார்ச் 4, செவ்வாய்

அக்காவுக்கு,

தையல் எண்ணினேன். பன்னிரண்டும் இருந்தன.

முந்நூறு கோழிகளை நான் மறக்கவில்லை. நீ சொல்லிக் காட்டவில்லை என்பதையும் மறக்கவில்லை. இப்போது சொல்லிவிட்டாய். பரவாயில்லை.

நீ கேட்டதற்குப் பதில். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு முட்டைக்கு நான் ஊசி போடவில்லை. விளக்கில் வைத்தபோது கரு காலை உதைத்தது. எல்லாக் கருவும் உதைக்கும். அன்றைக்கு அது மட்டும் ஏன் அப்படி இருந்தது என்று தெரியவில்லை. துளை போட்டேன், மெழுகு வைத்தேன், கிருமியை விடவில்லை. மூன்றாம் நாள் "ஒண்ணு தப்பிச்சிருச்சு" என்று டாக்டரம்மா சீட்டில் எழுதிக்கொண்டார். பிறகு அதுவும் மற்றவற்றோடு எரிக்கும் அடுப்புக்குத்தான் போனது. அதற்குப் பிறகு ஒன்றையும் நான் விட்டதில்லை. அந்த நாற்பதுக்கும் போட்டேன். அடுத்த நாற்பதுக்கும் போட்டேன். இந்த ஒரு முட்டை விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உனக்கும் தெரியும். இதை வைத்து என்னை வேலையிலிருந்து எடுக்கலாம்.

கடிதத்தை யாரும் பிரிக்கவில்லை. சனிக்கிழமை என்னை வாசல் பக்கம் வேலைக்கு அனுப்பினார்கள், அப்போதுதான் பார்த்தேன். வெளியிலிருந்து வரும் முட்டை, காகிதம் எல்லாவற்றையும் முதலில் ஒரு பெட்டிக்குள் வைத்து, மேலே ஒட்டியிருக்கும் கிருமி சாவதற்காகப் பார்மலின் புகை போடுகிறார்கள். புகை பிடிப்பதற்காக உள்ளே ஆவியும் விடுகிறார்கள். அந்த ஈரத்தில் பசை தானாக விட்டுவிடுகிறது. கணக்குச் சீட்டு கொண்டுவந்த கவர்கள்கூட வாயைத் திறந்துகொண்டுதான் கிடந்தன. இத்தனை நாளாக நாம் வண்டிக்காரரையும் கண்ணாடிக்காரரையும் திருடர்கள்போலப் பார்த்திருக்கிறோம். எனக்குத் தலைவலி என்று வண்டிக்காரருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தாய். தலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன், அவர் பார்த்தார். அவ்வளவுதான்.

அதைப் பார்த்த பிறகு உன் கடிதங்களை எல்லாம் எடுத்து முதலிலிருந்து படித்தேன்.

நீ வாசலைத் தாண்டுவதே இல்லை என்று எழுதியிருக்கிறாய். அதே கடிதத்தில், மேட்டுப் பண்ணைக் குஞ்சுகள் செருப்பு வாரைப் புழு என்று கொத்துகின்றன என்றும் எழுதியிருக்கிறாய். யாருடைய செருப்பு வாரை, அக்கா?

திங்கட்கிழமை டாக்டரம்மா வருகிறார். எட்டு முட்டைகளையும் கொடுக்கப் போகிறேன். வெள்ளிக்கிழமை வண்டி வரும். அதுவரை காத்திருப்பேன்.

உன் தங்கை

*

மார்ச் 7, வெள்ளி

அக்காவுக்கு,

வண்டி வந்தது. ஆறு தட்டு முட்டை இருந்தது. கடிதம் இல்லை. தட்டுகளுக்கு நடுவே வைத்திருப்பாயோ என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். "என்னம்மா, குஞ்சு தேடறியா?" என்றார் வண்டிக்காரர். நீ கையில் எதுவும் கொடுக்கவில்லை என்றார். "அக்கா மொகமே சரியில்ல" என்றும் சொன்னார்.

உடம்புக்கு ஒன்றுமில்லையே?

உன் தங்கை

*

மார்ச் 8, சனி

இதை ஒட்டவில்லை, தைக்கவும் இல்லை. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். உன் டாக்டரம்மா படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். என் கையெழுத்து அவருக்குப் புரியாவிட்டால் நீ படித்துக் காட்டு.

என் செருப்பு வாரைத்தான்.

மேட்டுப் பண்ணை அத்தைக்குக் கை உடைந்தது வருடக் கடைசியில். புது வருடம் பிறந்த வாரத்தில் குஞ்சுகளுக்குக் கண்ணில் மருந்து விட வேண்டியிருந்தது. ஒற்றைக் கையால் குஞ்சைப் பிடிப்பாளா, புட்டியைப் பிடிப்பாளா? வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "நீ வரக்கூடாதுன்னு தெரியும்டி, சும்மா சொல்லிட்டுப் போறேன்" என்றாள். நான் அன்றைக்கே போனேன். ஐந்நூறு குஞ்சுகள். அவள் இடது கையால் பிடித்துப் பிடித்துக் கொடுத்தாள், நான் சொட்டு விட்டேன். ஜனவரி கடைசியில் மறுபடி. போன மாதம் இருபதாம் தேதி மூன்றாவது தடவை. மறுநாள் விடிந்ததும்தான் உனக்குக் கடிதம் எழுதினேன். கையைக் கழுவினேன், ஆனால் அந்த நீலம் ஒரே கழுவலில் போகாது. சொட்டு நீலம் என்று சொன்னது பொய்.

நம் கோழிகளுக்கு மருந்து போடவில்லை என்று உன் தலைமேல் அடித்துச் சொன்னேனே, அது பொய் இல்லை. ஆனால் மூன்று தடவையும் அதே புடவையோடு, அதே செருப்போடு நம் கொட்டகைக்குள் வந்து தீவனம் வைத்தேன். முட்டை பொறுக்க நேரமாகிவிட்டது என்ற அவசரம். நேற்று அந்த மருந்துப் புட்டியின் சீட்டை அத்தையிடமிருந்து வாங்கி, வேலிமேல் வைத்தே, எழுத்துக் கூட்டிப் படித்தேன். அது உயிருள்ள மருந்தாம். போட்ட குஞ்சிடமிருந்து போடாத கோழிக்குத் தானாகத் தொற்றுமாம். "மருந்து போட்ட நாட்களில் மற்ற கோழிகளிடம் போகவேண்டாம்" என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. ஆக, நான் போடாமலேயே போட்டிருக்கிறேன். சீட்டையும் இதோடு வைத்திருக்கிறேன். மருந்தின் பெயர், எண் எல்லாம் அதில் இருக்கிறது.

ஏன் போனேன் என்று நீ கேட்கமாட்டாய். நீ எதையும் கேட்கமாட்டாய், அதுதான் உன்னோடு தொல்லை. நானே சொல்கிறேன். நீ போன பிறகு இந்த வீட்டில் பேச ஆள் இல்லை. நீயும் ஒன்றும் பேசிக் கிழித்தவள் இல்லை. ஆனால் நான் பேசினால் கேட்டுக்கொண்டு முட்டை துடைப்பாய். அத்தான் பேப்பர் படிப்பார். எட்டு மாதத்தில் நான் பேசியதைவிட அந்த மூன்று நாள் குஞ்சுகளுக்கு நடுவே உட்கார்ந்து அதிகமாகப் பேசினேன். ஐந்நூறு குஞ்சுகளுக்கும் சொட்டு விடுவதற்குள் உன் கதை முழுக்க அவளிடம் சொல்லிவிட்டேன். நீ ஆய்வகத்தில் ஊசி போடுகிறாய் என்று பெருமையாகத்தான் சொன்னேன்.

உன் கை ஊசி போடாது என்று எழுதினேன். அந்தக் குஞ்சு விஷயத்தை இழுத்தேன். என் தப்பைத் தள்ளி வைக்க ஓர் இடம் தேவைப்பட்டது, உன்மேல் வைத்தேன். நீ அந்த ஒரு முட்டையைப் பற்றி எழுதியதைப் படித்ததும் கொட்டகையில் போய் நின்றேன். உனக்கு அதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. வெள்ளிக்கிழமை வண்டிக்குக் கடிதம் கொடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அத்தானிடம் நேற்று சொன்னேன்.

"இது வேற யாருக்காவது தெரியுமா?"

"இன்னும் இல்ல."

"அப்ப தெரியவே வேணாம். அடுத்த வருசம் புதுக்கோழி வந்தா தானா சரியாயிடும்."

"அவள வேலைய விட்டு அனுப்பிருவாங்க."

"வந்தா வரட்டும். வீடு இருக்குல்ல?"

நான் பேனாவைத் தேடினேன். அதிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. சோறு போட்டால் சுவரைப் பார்த்துப் "போதும்" என்கிறார்.

இனி முட்டை அனுப்பமாட்டேன். டாக்டரம்மாவுக்குச் சொல்: தப்பு என் காலில்தான், என் தங்கை கையில் இல்லை.

அக்கா

*

மார்ச் 14, வெள்ளி

அக்காவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான் திங்கட்கிழமையே முட்டைகளைக் கொடுத்துவிட்டேன். அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

மஞ்சள்கருவைக் கிருமியோடும் இரத்த அணுக்களோடும் சேர்த்துச் சின்னச் சின்னக் குழிகளில் விட்டுப் பார்ப்பார்கள். காவல் இல்லாவிட்டால் அணுக்கள் பாய் விரித்ததுபோல் பரவும். காவல் இருந்தால் அடியில் பொட்டுபோலக் குவியும். எட்டு முட்டைக்கும் பொட்டுகள். வரிசையாக, சிவப்பாக. டாக்டரம்மா பொட்டுகளை இரண்டு தடவை எண்ணினார். பிறகு கண்ணாடிக்காரரிடம், "கையில ஒண்ணும் இல்ல. முட்டைலதான்" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். ஆனால் அடுத்து அவர் கேட்டது எனக்குத் தெரியாத ஒன்று. "மருந்து போட்டாங்களா, இல்ல நோயே வந்து போயிருக்கா? பொட்டு ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் விழும்." நோய் என்றால் கொட்டகையையே அழிக்க வேண்டும் என்றார். சுற்றிலும் உள்ள பண்ணைகளையும் பூட்ட வேண்டும். புதன்கிழமை ஆள் அனுப்புவதாக முடிவாயிற்று. அன்று இரவுச் சாப்பாட்டை நான் அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை வண்டியில் முட்டை இல்லை. மருந்துச் சீட்டோடு உன் கடிதம் மட்டும் இருந்தது. நான் வாசலில் நின்றே படித்தேன். இரண்டாவது தடவையும் படித்தேன். பிறகு டாக்டரம்மா அறைக்குப் போனேன். கண்ணாடிக்காரரும் அங்கே இருந்தார். டாக்டரம்மா கையுறை போட்டு வேலையில் இருந்தார்.

"என்ன அது? படிம்மா" என்றார்.

நீட்டினேன்.

"கையில கிருமி இருக்கு, தொடக்கூடாது. நீயே படி."

அக்கா, நான் படித்தேன். முதல் வரி வெளியே வரவில்லை. "என்ன? சத்தமா" என்று கண்ணாடிக்காரர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. இரண்டாவது வரியிலிருந்து வந்தது. எதையும் விடவில்லை. பேச ஆள் இல்லை என்று நீ எழுதியதைப் படித்தேன். சுவரைப் பார்த்துச் சொல்லும் "போதும்" என்பதையும் படித்தேன். என்னுடைய அந்த ஒரு முட்டை அதில் இருக்கிறது. அந்த இடம் வந்தபோது தாண்டிவிடலாமா என்று நினைத்தேன். தாண்டவில்லை. எந்த முட்டை என்று டாக்டரம்மா கேட்டார், அதையும் சொன்னேன்.

படித்து முடித்ததும் கண்ணாடிக்காரர் கடிதத்தின் மேல் பக்கத்தை எட்டிப் பார்த்தார். "சனிக்கிழமைன்னு தேதி போட்டிருக்கு. வந்தது செவ்வாய்க்கிழமை. சோதனை திங்கட்கிழமை. விசயம் தெரிஞ்சப்புறம் எழுதி, முன்தேதி போட்டிருக்கலாமில்ல?" என்றார்.

நானும் அதை ஒரு நிமிடம் நினைத்தேன். திங்கட்கிழமை மாலை இங்கேயிருந்து யாராவது அத்தானுக்குப் போன் செய்திருப்பார்களா என்றும் நினைத்தேன். உன்னிடம் மறைப்பதில் அர்த்தம் இல்லை. நீ இதை என்றைக்குக் கொடுத்தாய் என்று வண்டிக்காரரிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

டாக்டரம்மா மருந்துச் சீட்டை மட்டும் பார்த்தார். புதன்கிழமை ஆட்கள் வந்து கோழிகளின் இரத்தமும் தொண்டைச் சளியும் எடுத்தது உனக்குத் தெரியும். சளியில் நோய்க்கிருமி எதுவும் இல்லை, சீட்டில் இருக்கும் மருந்தின் கிருமிதான், காவலும் அதனால்தான் என்று இன்று காலை முடிவு வந்துவிட்டது. கோழிகளை அழிக்க வேண்டாம். ஆனால் இனி இவை ஆய்வகத்துக்கு ஆகாது. சாதாரண முட்டைப் பண்ணைக்கு விற்றுவிடச் சொன்னார். மறுபடி உன்னோடு ஒப்பந்தம் போடுவார்களா என்று கேட்டேன். அவர் அடுத்த தட்டின் எண்ணைக் கேட்டார். அந்த ஒரு முட்டையைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நேற்று பழைய சீட்டுகளை எடுத்துப் பார்த்து, ஜூலை மாதத்துச் சீட்டில் ஒரு வரியை அடித்துத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நிற்பதைப் பார்த்தும் எழுதிக்கொண்டே இருந்தார். இது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. ஊசியை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வேறு பண்ணை முட்டைகள். காலையில் இருபத்தாறு செத்திருந்தன.

கோழிகளை விற்றுவிட்டால் கொட்டகை காலியாக இருக்கும். நான் விதியைப் படித்துப் பார்த்தேன். கடைசிக் கோழி வெளியே போய், கொட்டகையைக் கழுவி, பத்து நாள் ஆகிவிட்டால் நான் அந்த வீட்டில் கால் வைக்கலாம். எட்டு மாதத்தில் முதல் தடவை. நீ பேசு, நான் கேட்கிறேன். துடைக்க முட்டைதான் இருக்காது.

கழுவி முடித்த தேதியை எழுது. அதிலிருந்து இங்கே நான் எண்ணிக்கொள்கிறேன். அத்தானைக் கேட்காதே, நீயே பார்த்து எழுது. என்னைச் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள்கூடக் குறைத்து எழுதாதே.

உன் தங்கை